இராணுவப் பொறியாளர் என்ன செய்கிறார்? புதுச்சேரி, கடலூர் மண்ணை வைத்து ஓர் எளிய விளக்கம்

புதுச்சேரி நகரின் வரைபடத்தை விரித்து, வடக்கே சர்தார் வல்லபபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை என்று விரலால் தொடர்ந்து வந்தால் ஏறக்குறைய ஒரு முட்டை வடிவம் கிடைக்கும். உள்ளூர்க்காரர்கள் அந்த வட்டத்துக்குள் இருப்பதை இன்றும் புல்வார் பகுதி என்றே சொல்கிறார்கள். அந்த வடிவம் நகர அழகுக்காகப் போடப்பட்டதன்று. 1761இல் ஆங்கிலேயர் நகரத்தின் அரண்களை இடித்துத் தள்ளிய பிறகு, 1765 முதல் பூர்சே என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் வரைவுப்படி மீண்டும் எழுப்பப்பட்ட மதிலும் அகழியும் சென்ற தடமே அது. மதில் போய்விட்டது; அதன் தடத்தில் சாலைகள் நிற்கின்றன. மதில் எங்கே போக வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்பதை முடிவு செய்யும் தொழிலுக்குத்தான் இராணுவப் பொறியியல் என்று பெயர்.

அந்தப் பெயரைக் கேட்டவுடன் வெடி வைத்துப் பாலத்தைத் தகர்ப்பதே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அது இத்தொழிலின் ஒரு சிறு பகுதி. நம் படை போக வேண்டிய வழியைத் திறந்து கொடுப்பது, எதிரி வரக்கூடிய வழியை அடைப்பது, நம் ஆட்கள் நிற்கும் இடத்தில் உயிர் பிழைத்திருக்க மறைவிடம் அமைப்பது ஆகிய மூன்றும் களத்தில் செய்யப்படும் வேலைகள். இவற்றுக்குப் பின்புலமாகச் சாலை, விமான ஓடுதளம், குடிநீர், குடியிருப்பு, கிடங்கு என்று போர் இல்லாத காலத்திலும் நடந்துகொண்டே இருக்கும் கட்டுமானம் நான்காவது வேலை. நான்குக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு: அது நேரம். பாலம் கட்டும் பொதுப்பணித் துறைப் பொறியாளர் அது எத்தனை ஆண்டு நிற்கும் என்று பார்க்கிறார். படையில் இருப்பவர் எத்தனை மணி நேரத்தில் நிற்கும் என்று பார்க்கிறார். எதிரியின் வழியை அடைப்பவரும், தான் போடும் தடை என்றைக்கும் உடையாது என்று நம்புவதில்லை. அதை உடைக்க எதிரிக்கு எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்துக்குள் நம் தரப்பில் என்ன நடந்து முடிந்திருக்கும் என்பதே அவருடைய கணக்கு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே புரியும்.

கோட்டையும் முற்றுகையும்

நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என்று அரணை நான்காகப் பிரித்துப் பார்த்தது நம் பழைய மரபு. பீரங்கி வரும்வரை நிலவரண் என்றால் உயரமான மதில் என்றே பொருள். பீரங்கி வந்த பிறகு உயரம் பாதுகாப்பாக இல்லாமல் குறியாக மாறிவிட்டது. எட்டத்திலிருந்தே அடித்துச் சரிக்க வசதியான குறி. ஆகவே ஐரோப்பியப் பொறியாளர்கள் மதிலைத் தாழ்த்தி, தடிப்பாக்கி, பின்னால் மண்ணைக் கொட்டி அடர்த்தியாக்கினார்கள். கல் குண்டுபட்டுச் சிதறும். மண்ணோ குண்டை உள்வாங்கி அமைதியாக விழுங்கிவிடும். மூலைகளில் அம்பு முனைபோல் கூராக நீட்டிய கொத்தளங்களை வைத்தார்கள். ஒரு கொத்தளத்தின் அடியில் எதிரி ஒட்டிக்கொண்டால், பக்கத்துக் கொத்தளத்திலிருந்து அவரைச் சுட முடியும்படி கோணங்கள் கணக்கிடப்பட்டன. அகழிக்கு வெளியே, வயல் பக்கம் மெல்லச் சாய்ந்து இறங்கும் வெறும் மண் சரிவு ஒன்றை விட்டார்கள். அதில் ஏறி வருபவருக்கு மறைந்துகொள்ள ஒரு புதர்கூட இராது.

இந்த முறையை முழுமையாக்கியவர் பிரான்சின் வோபான் (1633–1707). புதுச்சேரியில் 1706இல் திறக்கப்பட்ட ஐங்கோணக் கோட்டையான புனித லூயி கோட்டையை நியோன் என்ற பொறியாளர் கட்டியபோது, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தூர்னே நகரில் வோபான் அமைத்த அரணையே முன்மாதிரியாகக் கொண்டார். இன்று மாலையில் குழந்தைகள் ஊஞ்சலாடும் பாரதி பூங்காவும் அதன் சுற்றுப்புறமும்தான் அந்தக் கோட்டை நின்ற இடம்.

கோட்டை கட்டுவதை விடக் கோட்டையைப் பிடிப்பதை வோபான் இன்னும் நுணுக்கமாக வகுத்தார் என்பதுதான் வேடிக்கை. 1673இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் அவர் நடைமுறைப்படுத்திய வழி இதுதான். கோட்டைப் பீரங்கிகளின் கொடிய எல்லைக்குச் சற்று வெளியே, மதிலுக்கு இணையாக ஒரு நீண்ட பதுங்குகுழி வெட்ட வேண்டும். அங்கிருந்து வளைந்து வளைந்து முன்னேறும் குழிகள். நேராக வெட்டினால் ஒரே குண்டு குழி நெடுகிலும் ஓடி எல்லாரையும் சாய்த்துவிடும். பாதி வழியில் இரண்டாவது இணைகுழி, சரிவின் அடியில் மூன்றாவது. கடைசிக் கட்டத்தில் வெட்டுபவர் சாப்பர். அவர் மண் நிரப்பிய பிரம்புக் கூடையைத் தனக்கு முன்னால் உருட்டி மறைவாக வைத்துக்கொண்டு, மண்டியிட்டபடி ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட பள்ளத்தை மட்டும் வெட்டிக்கொண்டே நகர்வார். பின்னால் வரும் மூவர் ஆளுக்கு அரை அடி வீதம் அதை அகலமும் ஆழமும் ஆக்குவார்கள். நான்காம் ஆள் கடந்து போகும்போது பள்ளம் மூன்றடிக்கு மூன்றடி ஆகியிருக்கும். மெதுவான வேலைதான்; ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை அடி நகரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கோட்டை எந்த நாளில் விழும் என்பதையும் ஏறத்தாழக் குறித்துவிடலாம்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1748ஆம் ஆண்டின் புதுச்சேரி முற்றுகையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன், கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைத் தளமாகக் கொண்டு, ஆகஸ்ட் மாதம் பெரும் படையுடன் வடக்கே நகர்ந்தார். வழியில் அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர்களின் ஒரு சிறு கோட்டை. அதன் வலிமையைச் சரியாக வேவு பார்க்காமல் பாய்ந்து தாக்கியதில் ஆட்கள் மாண்டார்கள், நாட்கள் போயின. பிறகு அந்தக் கோட்டைக்காரர்களின் வெடிமருந்தே தற்செயலாகத் தீப்பிடித்து வெடித்ததால்தான் வழி கிடைத்தது. அடுத்து முக்கிய முற்றுகையில் பொறியாளர்கள் தேர்ந்தெடுத்தது நகரின் வடமேற்குப் பக்கம். அங்கே தாழ்நிலம், பிரெஞ்சுக்காரர்கள் அதில் நீரைத் தேக்கிச் சதுப்பாக்கியிருந்தார்கள். போதாக்குறைக்கு, வழக்கமாக 800 கஜத்துக்குள் தொடங்க வேண்டிய முதல் குழியை 1,500 கஜத் தொலைவில் தொடங்கினார்கள். அவ்வளவு தூரத்தையும் ஈர மண்ணில் வெட்டிக் கடந்து பீரங்கிகளை ஏற்றியபோது, அவற்றின் குண்டுகள் மதிலுக்குப் பெரிய சேதம் எதையும் செய்யவில்லை. அதற்குமேல் முன்னேற முன்னால் நீர் நின்றது.

இங்கேதான் நேரத்தின் கணக்கு உள்ளே வருகிறது. சோழமண்டலக் கரையில் அக்காலத்தில் கப்பல்களுக்குத் துறைமுகப் பாதுகாப்பு கிடையாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பாய்க்கப்பல்கள் இக்கரையை விட்டு அகன்றாக வேண்டும். புதுச்சேரிக் கோட்டை என்றைக்குமாகத் தாக்குப்பிடிக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழை வரை தாக்குப்பிடித்தால் போதும். தற்காப்பை நடத்திய பொறியாளர் பராடி முற்றுகையின்போதே இறந்தார். ஆளுநர் டூப்ளே தாமே பொறுப்பேற்று மழை வரும்வரை இழுத்துப் பிடித்தார். கடல் பக்கத்து மதிலை, செலவைக் குறைக்கச் சொன்ன பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் உத்தரவையும் மீறி அவர் முன்பே கட்டி முடித்திருந்தது இப்போது கைகொடுத்தது. அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ள, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வீரர்களை இழந்த பாஸ்கவன் முற்றுகையைக் கைவிட்டுக் கடலூருக்குத் திரும்பினார். வெற்றி பெற்றது வீரம் என்று எழுதுவோர் உண்டு. வடமேற்கில் தேக்கிய நீரும், எதிரி தொலைவில் தொடங்கிய குழியும் என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதே நகரத்துக்கு வந்தபோது அணுகுமுறை மாறியிருந்தது. புதுச்சேரிக்கு வெளியே கள்ளி, கற்றாழை, முட்செடி, இடையிடையே தென்னையும் பனையுமாக வளர்க்கப்பட்ட ஓர் உயிர்வேலி வில்போல் வளைந்து கிடந்தது. சாலைகள் அதைக் கடக்கும் இடங்களான அரியாங்குப்பம், வில்லியனூர், வழுதாவூர், சென்னை வழிகளில் சிறு காவலரண்கள் இருந்தன. நம் காட்டரணின் நேர் வாரிசு என்று இதைச் சொல்லலாம். குதிரைப் படையை நிறுத்த இதைவிட மலிவான வழி வேறில்லை. மேலும் வேலிக்குள் உள்ள வயலும் மேய்ச்சலும் நகரத்துக்குச் சோறு போடும். கூட் முதலில் அந்த வேலியைக் கைப்பற்றினார். அதன்பின் மதிலை உடைக்க அவசரப்படவே இல்லை. பசியை வேலை செய்ய விட்டார். உள்ளே இருந்த தளபதி லாலி, உணவை மிச்சப்படுத்த நகரத்துத் தமிழ் மக்களை வெளியே துரத்தினார். இரு படைகளுக்கும் நடுவில் அவர்கள் நாட்கணக்கில் அலைந்து தவித்தார்கள். வெறும் பொறியியல் கணக்காக இதைப் படிப்பது கூசுகிறது என்றாலும், முற்றுகை என்ற சொல்லின் முழுப் பொருளில் இதுவும் அடக்கம். 1761 புத்தாண்டு நாளின் பெரும் புயல் ஆங்கிலேயர் கப்பல்களையும் பீரங்கி மேடைகளையும் சின்னாபின்னமாக்கியது. ஆனால் எஞ்சிய கப்பல்கள் சில நாட்களிலேயே திரும்பி வந்து கடலை மூடின. பிரெஞ்சுக் கப்பல் எதுவும் வரவில்லை. ஜனவரி 16இல் நகரம் விழுந்தது. கோட்டை தன் வேலையைச் செய்து நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது. அந்த நேரத்தைப் பயன்படுத்த வெளியிலிருந்து யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

கடலூரில் ஒரு கணிதவியலாளர்

கெடிலம் கடலில் சேரும் இடத்தருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைப் பல திசைகளிலும் சுட்டு, குண்டு போய் விழும் தொலைவுக்குள் இருக்கும் ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். அப்படிக் கிடைத்தவற்றைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது நில உரிமையையே தீர்மானித்த ஊர் உலகில் அதிகம் இராது.

அதே கேள்வியை அறிவியலாக்கிய ஒருவர் அதே கோட்டைக்கு வந்து, அங்கேயே இறந்தார் என்பது தற்செயல். பெஞ்சமின் ராபின்ஸ் ஆங்கிலக் கணிதவியலாளர். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க அவர் 1742இல் வெளியிட்ட வழி வியக்கத்தக்க எளிமை கொண்டது: கனமான மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மீது குண்டைச் சுட வேண்டும், கட்டை எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்று பார்த்தால், கட்டையின் எடையையும் குண்டின் எடையையும் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். வேகமாகச் செல்லும் குண்டைக் காற்று எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. இது இராணுவப் பொறியியலுக்கு ஏன் தேவை? குண்டின் வேகம் தெரிந்தால்தான், அது மண்ணில் எவ்வளவு ஆழம் புகும் என்பதும், மதிலுக்குப் பின்னால் எத்தனை அடி மண் வேண்டும் என்பதும் ஊகமாக இல்லாமல் கணக்காக இருக்கும். கம்பெனி அவரைத் தன் தலைமைப் பொறியாளராக நியமித்து, கோட்டைகளைச் சீரமைக்க இந்தியாவுக்கு அனுப்பியது. 1750இல் வந்தவர், 1751 ஜூலை 29இல் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார்.

அந்தக் கோட்டை பின்னாளில் அகழி, சரிவு, சரிவின் அடியில் வெடிமருந்து நிரப்பத் தயாராக இருந்த சுரங்கங்கள் எனப் பலமாகவே இருந்தது. சுரங்கம் என்றதும் கோட்டையிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் இரகசியப் பாதை என்ற கதை எந்தக் கோட்டைக்கும் உண்டு. சில அடி தோண்டினாலே நீர் ஊறும் கடற்கரை மண்ணில் மைல் கணக்கில் சுரங்கம் வெட்டுவது நடக்கிற காரியம் அன்று. கோட்டைச் சுரங்கங்கள் குறுகியவை. முன்னேறி வரும் எதிரியின் காலடியில் வெடிக்கவும், எதிரி நமக்குக் கீழே தோண்டும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கவும் அமைக்கப்பட்டவை. ஆனால் 1758 ஏப்ரல் இறுதியில் பிரெஞ்சுக் கப்பற்படையுடன் வந்திறங்கிய லாலி உடனே கடலூரை நோக்கித் திரும்பினார். ஜூன் 2ஆம் நாளே கோட்டை சரணடைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மழைக்காலம் மாதக்கணக்கில் தள்ளி இருந்தது. காப்பாற்றக் கப்பலும் வரவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியைக் காத்த நாட்காட்டி இப்போது கடலூரைக் கைவிட்டது.

மண்வெட்டி பிடித்தவர்கள்

இதுவரை தளபதிகளின் பெயர்களும் பொறியாளர்களின் பெயர்களுமே வந்திருக்கின்றன. குழியை வெட்டிய கைகள் பெரும்பாலும் இந்த மண்ணின் மக்களுடையவை. தேவைப்படும்போது கூலிக்கு ஆள் பிடிப்பது என்ற நிலை மாறி, 1780 செப்டம்பர் 30இல் சென்னையில் இரண்டு கம்பெனி (சிறு படைப்பிரிவு) கொண்ட ‘பயனியர்’ படை நிரந்தரமாக உருவாக்கப்பட்டது. படைக்கு முன்னால் சென்று காட்டை வெட்டி, பாதை போட்டு, ஆற்றைக் கடக்க வழி செய்வது அவர்கள் வேலை. அதுவே பிறகு மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆகி, இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் பொறியாளர் குழுமமாக விளங்குகிறது. வடக்கே ரூர்க்கியில் வங்காளக் குழுமமும், புனேயை ஒட்டிய கிர்க்கியில் பம்பாய்க் குழுமமும் உள்ளன. மெட்ராஸ் குழுமத்துக்காரரை இந்தியப் படை முழுவதும் ‘தம்பி’ என்றே அழைக்கிறது.

பாலம் போடுதல்

இன்றைய வேலையைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை நிலைமையை எடுத்துக்கொள்வோம். திருப்பாதிரிப்புலியூருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் இடையே ஓடும் கெடிலத்தின் பாலம் ஒன்று வெள்ளத்தில் போய்விட்டது. இராணுவப் பொறியாளர் ஒருவர் கரையில் வந்து நிற்கிறார். அவர் முதலில் பார்ப்பது தண்ணீரை அன்று. எந்த வண்டி கடக்க வேண்டும் என்று கேட்பார்: ஆம்புலன்ஸா, ஜேசிபியா, சரக்கு லாரியா? அதிலிருந்து பாலத்தின் எடைத் தரம் வருகிறது. பிறகு இடைவெளியின் அகலம், இரு கரைகளின் உயர வேறுபாடு. அடுத்து மண்: ஆற்றுப் படுகை மணல் என்றால், பாலத்தின் முழு எடையும் இறங்கும் இடத்தில் அகலமான பலகைத் தளம் போட்டு எடையைப் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கரை சரியும். உதிரிப் பாகங்களை ஏற்றிய லாரி கரைவரை வருமா, கரைக்குப் பின்னால் பாலத்தைக் கோத்து வைக்க நேரான நீண்ட இடம் இருக்கிறதா என்பவை பலரும் எண்ணிப் பார்க்காத கேள்விகள். கடலுக்கு அருகே என்பதால் ஓதத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதையும் மீனவரிடம் கேட்டுக்கொள்வார்.

இத்தனைக்கும் பிறகு அவர் எடுக்கும் கருவி பெரும்பாலும் பெய்லி பாலமாக இருக்கும். டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் வடிவமைத்தது. இதன் அடிப்படை உறுப்பு 10 அடி நீளமும் சுமார் 5 அடி உயரமும் கொண்ட எஃகுச் சட்டம். எடை சுமார் 260 கிலோ. ஆறு பேர் தண்டு கொடுத்துத் தூக்கிவிடலாம். கிரேன் வேண்டாம், சாதாரண லாரியில் ஏறும். ஒரு சட்டத்தையும் அடுத்ததையும் கனமான ஊசியால் இணைப்பார்கள். எடைத் தரம் கூட வேண்டுமானால் புதிய வடிவமைப்பு தேவையில்லை: ஒரே பக்கத்தில் இரண்டு, மூன்று சட்டங்களை ஒட்டி நிறுத்தலாம், இன்னும் வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

எதிர்க்கரையில் ஆளே இல்லாமல் பாலத்தை அந்தப் பக்கம் கொண்டுபோவதுதான் இதன் நுட்பம். மேசை விளிம்பில் ஓர் அளவுகோலை மெல்லத் தள்ளினால், பாதிக்கு மேல் மேசையில் இருக்கும்வரை அது விழாது அல்லவா? கரையில் உருளைகளைப் பதித்து, அவற்றின் மேல் பாலத்தைக் கோத்து, முன்னால் எடை குறைந்த எலும்புக்கூடு போன்ற ஒரு மூக்குப் பகுதியை மாட்டுவார்கள். பின்பக்கம் எப்போதும் கனமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டே கையாலேயே தள்ளுவார்கள். எடை மையம் உருளையைத் தாண்டுவதற்குள் மூக்கு எதிர்க்கரையைத் தொட்டுவிட வேண்டும். தொட்ட பிறகு மூக்கைக் கழற்றி, பாலத்தை இறக்கி, தளப்பலகை போட்டால் வண்டி ஓடும்.

2024 ஜூலை 30இல் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது, சூரல்மலையில் முண்டக்கை பக்கம் துண்டிக்கப்பட்டுப் போனது. மெட்ராஸ் பொறியாளர் குழுமத்தினர் அங்கே 190 அடி நீளத்தில், 24 டன் தரத்தில் பெய்லி பாலத்தை அமைத்து, ஆகஸ்ட் 1 மாலைக்குள் திறந்தார்கள். அந்தப் பணியில் முன்னின்ற மேஜர் சீதா ஷெல்கேயின் படம் நாளிதழ்களில் வந்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். மண்வாரி இயந்திரங்களும் ஆம்புலன்ஸ்களும் அதன் வழியாகத்தான் அக்கரை சேர்ந்தன. போர்முனையில் டாங்கிகள் கடக்க வேண்டிய இடத்தில் இந்த அளவு நேரம்கூடக் கிடைக்காது. அதற்கென்று டாங்கியின் முதுகிலேயே மடித்து வைத்து நிமிடங்களில் விரிக்கும் பாலங்களும், லாரிகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விரித்து 75 மீட்டர் வரை நீட்டக்கூடிய ‘சர்வத்ரா’ பாலமும் இருக்கின்றன.

கண்ணிவெடி

எதிரியைத் தாமதப்படுத்தும் கருவிகளில் இது மிகக் கொடியது. இதைப் பற்றி எழுதும்போது வியப்பின் தொனி வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணிவெடி வயலின் நோக்கம் எதிரி முழுவதையும் அழிப்பதன்று. அவர் வேகத்தைக் குறைத்து, நம் துப்பாக்கிகள் குறிவைத்திருக்கும் பாதைக்கு அவரைத் திருப்புவது. ஆனால் போர் முடிந்தாலும் கண்ணிக்கு அது தெரியாது. ஆகவே புதைத்த இடத்துக்கு வேலியிட்டு, அடையாளம் வைத்து, வரைபடத்தில் பதிய வேண்டும் என்பது பன்னாட்டு விதி. இந்தியா அந்த விதிமுறைக்கு உட்பட்ட நாடு. மனிதரைக் கொல்லும் கண்ணிகளை முற்றிலும் தடை செய்யும் 1997ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கையில் மட்டும் இந்தியா கையெழுத்திடவில்லை.

அகற்றும் வேலை இன்றும் பெரிதும் கை வேலையே. கருவி ஒலி எழுப்பிய இடத்தில், சாப்பர் படுத்தபடி, மெல்லிய கம்பியைத் தரையோடு ஒட்டிய சாய்வில் செலுத்துவார். நேராகக் குத்தினால் கண்ணியின் அழுத்தத் தகட்டில் படும். சாய்வாகச் சென்றால் பக்கவாட்டில் தட்டும். ஒரு விரற்கடை, அடுத்த விரற்கடை என்று நகர்ந்து, சரிபார்த்த வழியின் இரு ஓரத்திலும் வெள்ளை நாடா விரிப்பார். முள்கம்பித் தடையை உடைக்க, குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று மாட்டி நீட்டி, உள்ளே வெடிமருந்து வைத்துத் தடையின் அடியில் தள்ளி வெடிக்கும் ஒரு கருவி உண்டு. 1912இல் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த கேப்டன் மக்ளிண்டாக் பெங்களூரில் உருவாக்கியதால், உலகப் படைகள் அனைத்தும் அதைப் பெங்களூர் டார்ப்பிடோ என்றே அழைக்கின்றன.

இந்த வேலையில் என்ன நேரக்கூடும் என்பதற்குச் சுபேதார் சுப்பிரமணியன் ஒரு சாட்சி. மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த அந்தத் தமிழர், 1944 பிப்ரவரி 24இல் இத்தாலியின் மின்யானோ அருகே கண்ணி அகற்றும் குழுவோடு இருந்தார். குழுவில் ஒருவர் மேலெழும்பி வெடிக்கும் வகைக் கண்ணியை மிதித்துவிட்டார். மிதித்ததற்கும் வெடிப்பதற்கும் இடையே சில நொடிகள் உண்டு என்பது சுப்பிரமணியனுக்குத் தெரியும். அந்தச் சில நொடிகளில் அவர் கண்ணியின்மேல் விழுந்து தம் உடலால் மூடினார், மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1948 ஏப்ரலில், நௌஷேராவிலிருந்து ரஜௌரி செல்லும் வழியில் பம்பாய்ப் பொறியாளர் பிரிவின் ராமா ரகோபா ரானே, காயம்பட்ட நிலையிலும், நகரும் டாங்கியின் அடியிலேயே ஊர்ந்து சென்று, கயிற்றை இழுத்து ஓட்டுநருக்குச் சைகை தந்தபடி வழியைச் சரிசெய்து பரம் வீர் சக்ரா பெற்றார்.

அமைதிக் காலத்தில்

போர் இல்லாத ஆண்டுகளில் நடக்கும் வேலையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். படைகளின் குடியிருப்பு, மருத்துவமனை, ஓடுதளம் ஆகியவற்றைக் கட்டிப் பராமரிப்பது 1923இல் தொடங்கிய இராணுவப் பொறியியல் சேவை. இதில் சிவில் பொறியாளர்களும் தேர்வெழுதிச் சேரலாம் என்பது நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டியது. எல்லைப்புறச் சாலைகளுக்கு 1960இல் உருவான எல்லைச் சாலைகள் அமைப்பு இருக்கிறது. பொறியாளர் அதிகாரிகளுக்கான பயிற்சி புனேயில் உள்ள இராணுவப் பொறியியல் கல்லூரியில் நடக்கிறது.

பேரிடர் வந்தால் இதே திறமைதான் நம் தெருவுக்கு வருகிறது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது; வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க இராணுவத்தினர் படகுகளுடன் கிருஷ்ணா நகர் வரை வந்தார்கள். தொடர்ந்து தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் சூழ்ந்தது. இம்மாதிரி நேரத்தில் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து பொறியாளர்களுக்கு உடனடியாகத் தேவைப்படுபவை, எந்தப் பாலத்தின் அகலம் என்ன, அது எத்தனை டன் தாங்கும், எந்தச் சாலையில் பதினாறு டன் லாரி போகும், எந்தக் கரை ஏற்கெனவே அரித்திருக்கிறது என்பன போன்ற விவரங்கள். அவை முன்கூட்டியே ஒரு தாளில் இருந்தால் பாதி நாள் மிச்சம். தற்காலிகப் பாலம் திறந்த பிறகும் ஒரு சிக்கல் எஞ்சும். ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும், மெதுவாக என்று பாலத்தின் முகப்பில் பலகை இருக்கும். வயநாட்டுப் பாலத்துக்குச் சொன்ன 24 டன் என்பது போன்ற எண் அந்த நிபந்தனையோடு சேர்த்துக் கணக்கிட்டது. முன்னே ஒரு லாரி பாலத்தில் இருக்கும்போது பின்னாலேயே இன்னொன்றை ஏற்றினால் அந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் சாப்பர் ஒருவர் கொடியுடன் இரு முனையிலும் நிற்கிறார்.